காத்திருந்தவருக்கே கடிதம்

கெம்பஸ் முடித்துக் குறிஞ்சாக்கேணிக்குத் திரும்பும் பிள்ளைகள் ஏன் உடனே ஒரு வேலையைப் பிடித்துக்கொள்வதில்லை?

குறிஞ்சாக்கேணியில் ஒரு பிள்ளை கெம்பஸ் முடித்து வீட்டுக்கு வந்தால், "என்ன படிச்ச?" என்று கேட்பவர் குறைவு. "எந்த பெட்ச்?" என்பதுதான் முதல் கேள்வி. அடுத்தது, "நியமனம் எப்பயாம் மகன்?" சாச்சா கேட்பார், மாமி கேட்பா, ஜும்ஆ முடிந்து வரும் வழியில் பழைய வாத்தியார் கேட்பார். பட்டம் முடிந்ததும் அடுத்து என்ன செய்வது என்று உட்கார்ந்து யோசித்து முடிவெடுப்பது கொழும்பு ஆங்கிலப் பத்திரிகைகளின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் நடக்கிற காரியம். இங்கே அந்த முடிவை அரசாங்கம் எடுக்கிறது. பிள்ளை அதற்குக் காத்திருக்கிறது.

இந்தக் காத்திருப்பைப் பார்த்துத்தான் "கதிரையில இருக்கிற வேலைதான் வேணும் இவங்களுக்கு" என்று பேசுகிறார்கள். மேடையில் பேசுகிறார்கள், தொலைக்காட்சியில் பேசுகிறார்கள், சில வேளை சொந்த வீட்டிலேயே பேசுகிறார்கள். பட்டதாரிக்குச் சோம்பல், மனப்பான்மை சரியில்லை, தொழில் செய்யும் துணிவில்லை என்பது அந்தப் பேச்சின் சாரம். சம்பவங்களை ஆண்டு வாரியாக வைத்துப் பார்த்தால் எனக்கு அப்படித் தெரியவில்லை. காத்திருப்பதே புத்திசாலித்தனம் என்று இந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பித்ததும் அரசாங்கம்தான். காத்திருக்காமல் கையில் கிடைத்த வேலைக்குப் போனவர்களைத் தண்டித்தும் காட்டியிருக்கிறது. அதற்கு வருமுன், இந்த ஊரிலிருந்து ஒரு பிள்ளை பட்டம் வரை போய்ச் சேர்வதே எப்படிப்பட்ட பயணம் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

தண்ணீரைக் கடந்து

திருகோணமலைத் துறைமுகத்தின் தெற்குக் கரைப் பக்கம், கொட்டியாபுரக் குடாவுக்கும் தம்பலகாமக் குடாவுக்கும் இடையில் கிடக்கிறது கிண்ணியா. அதன் ஒரு பகுதி குறிஞ்சாக்கேணி. வயல், மாடு, கடல், மகாவலி மணல், வெளிநாட்டுக் காசு. ஊரின் பிழைப்பு இந்த ஐந்துக்குள் அடங்கிவிடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர்தான் குறுக்கே நிற்கும். 2009 அக்டோபர் 20ஆம் தேதி 396 மீட்டர் நீளமான கிண்ணிப் பாலம் திறக்கப்படும்வரை, திருமலைக்குப் போவதென்றால் படகுப்பாதைக்குக் காத்து நிற்க வேண்டும். சவூதி அபிவிருத்தி நிதியத்தின் உதவியோடு கட்டிய பாலம் அது. மட்டக்களப்புப் பக்கம் போகும் வீதியிலும் ஆற்றுக்கு ஆறு படகுப்பாதைதான் இருந்தது. ஒலுவிலுக்கும் வந்தாறுமூலைக்கும் படிக்கப் போன அந்தக் காலத்துப் பிள்ளைகள் பெட்டியும் பாயுமாகச் சுற்றிப் போன கதைகளை இப்போதும் சொல்வார்கள்.

பெரிய பாலம் வந்தது. ஊருக்குள் இருந்த சின்னப் பாலம் அப்படியே கிடந்தது. குறிஞ்சாக்கேணியையும் கிண்ணியா நகரத்தையும் இணைத்த பழைய பாலத்தைப் புதிதாகக் கட்டும் வேலை தொடங்கி, அது முடியாமல் இழுபட்ட காலத்தில் ஆட்களை ஏற்றி இறக்க ஒரு இழுவைப் படகு ஓடியது. 2021 நவம்பர் 23ஆம் தேதி காலையில் அது கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போன சிறுவர்கள் உட்பட ஆறு பேரின் மௌத்துச் செய்தி அன்றைக்கே வந்தது. பிறகு அந்தத் தொகை கூடியது. ஊர் கொதித்தது, டயர் எரிந்தது, விசாரணை என்றார்கள். பட்டதாரிகளின் வேலையைப் பற்றிய கட்டுரையில் இதை ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். பள்ளிக்கூடம் போவதற்கே உயிரைப் பணயம் வைக்க வேண்டிய இடத்திலிருந்து ஒரு பிள்ளை பல்கலைக்கழகம் வரை போய்விட்டதென்றால், அந்தப் பட்டத்தின் மேல் ஒரு குடும்பம் ஏற்றி வைக்கும் பாரம் வேறு. அதனால் சொல்கிறேன்.

இலங்கையில் உயர்தரப் (ஏ.எல்.) பரீட்சைக்குப் பிறகு எல்லாவற்றையும் தீர்மானிப்பது இசட் ஸ்கோர் என்ற தரப்படுத்திய புள்ளி. பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் முழு நாட்டுக்குமான திறமை அடிப்படையில் போகும். 55 வீதம் மாவட்டங்களுக்கு அவற்றின் சனத்தொகைப்படி பிரியும். எஞ்சிய 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் திருகோணமலையும் ஒன்று. இந்தச் சலுகையால் திருமலைப் பிள்ளைகள் கெம்பஸ் போகிறார்கள் என்பது உண்மை. ஆனால் எந்தப் பீடத்துக்குப் போவது என்பது ஏ.எல். வகுப்பிலேயே முடிவாகிவிடுகிறது. நாட்டில் பத்தாயிரத்துச் சொச்சம் அரச பாடசாலைகள் இருக்கின்றன. விஞ்ஞானமும் கணிதமும் உயர்தரம் வரை படிப்பிப்பவை அவற்றில் ஆயிரம் சொச்சம்தான். பாடசாலை இருந்தாலும் பௌதிகவியலுக்கு வாத்தியார் இருக்க வேண்டும். இருந்தவர் இடமாற்றம் வாங்கிப் போய்விடாமலும் இருக்க வேண்டும். ஆகவே கலைப் பிரிவு. புவியியல், அரசியல் விஞ்ஞானம், இஸ்லாமிய நாகரிகம், தமிழ். அங்கிருந்து ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம், அல்லது வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம். கொஞ்சப் பேருக்குப் பக்கத்திலேயே, நிலாவெளி வீதியில் கோணேசபுரியிலிருக்கும் திருகோணமலை வளாகம்.

கெம்பஸ் காலத்துக்கு மகாபொல புலமைப்பரிசில் கிடைக்கும். மாதம் 5,000 ரூபாயாக நெடுங்காலம் கிடந்தது 2025 வரவு செலவுத் திட்டத்தில்தான் 7,500 ஆனது. மிச்சத்துக்கு வாப்பாவின் மாடு விற்ற காசு, கத்தாரிலிருக்கும் காக்கா அனுப்புவது. ஏ.எல். எழுதி முடிவு வந்து, வெட்டுப்புள்ளி வந்து, பதிவு முடிந்து உள்ளே போகும்போது இருபத்தொரு வயது. மூன்று வருசப் பொதுப் பட்டமோ நாலு வருசச் சிறப்புப் பட்டமோ முடித்து, இடையில் வேலைநிறுத்தம், தொற்றுநோய், ஏதாவது ஒரு கலவரம் என்று மூடிக் கிடந்த மாதங்களையும் கூட்டினால், வெளியே வரும்போது இருபத்தைந்தும் தாண்டிவிடும்.

கடிதம் வந்த ஆண்டுகள்

2012இல் பல்லாயிரம் பட்டதாரிகள் அரச நியமனக் கடிதம் பெற்றுப் பயிலுனர்களாக எடுக்கப்பட்டார்கள். அதே ஆண்டு செப்டெம்பரில் கிழக்கு மாகாண சபைத் தேர்தல். பிறகு ஒரு நீண்ட இடைவெளி. 2017 தொடக்கத்தில் கிழக்கின் வேலையற்ற பட்டதாரிகள் தெருவில் இறங்கினார்கள். மட்டக்களப்பில் காந்தி பூங்காவில் பெப்ரவரியில் தொடங்கியது. திருமலையிலும் அம்பாறையிலும் யாழ்ப்பாணத்திலும் அப்படியே. பாயை விரித்து, பதாகையைக் கட்டி, இரவும் அங்கேயே படுத்து, மாதக்கணக்கில் நடந்த போராட்டம். 2018இல் 20,000 பேருக்கு நியமனம் என்று அறிவிப்பு வந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல். 2020இல் புதிய ஜனாதிபதி 50,000 பேர் என்றார். கடிதங்கள் தயாரானபோது பொதுத் தேர்தல் அறிவிக்கப்பட்டிருந்ததால் தேர்தல் ஆணைக்குழு அதை நிறுத்திவைத்தது. தேர்தல் ஆகஸ்டில் முடிந்ததும் செப்டெம்பரில் பயிற்சி தொடங்கியது. ஒரு வருடப் பயிற்சி, மாதம் 20,000 ரூபாய் கொடுப்பனவு.

இந்தப் பட்டியலைக் குறிஞ்சாக்கேணியில் எந்தத் தேத்தண்ணிக் கடையிலும் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். இதிலிருந்து ஒரு இருபத்தைந்து வயதுப் பிள்ளை படிக்கும் பாடம் மூன்று. அரசாங்க வேலை ஒழுங்காக ஆண்டுதோறும் வராது, அலை மாதிரி மொத்தமாக வரும். அலை வரும்போது உன் பட்டம் செல்லுபடியாகும் தேதி சரியாக இருக்க வேண்டும். அலை வரும்போது நீ வேலை இல்லாதவனாக இருக்க வேண்டும்.

தேதி விசயம் வெளியூர்க்காரருக்குச் சின்னதாகத் தெரியும். 2020 திட்டத்துக்கு 2019 டிசம்பர் 31க்குள் பட்டம் செல்லுபடியானவர்கள்தான் தகுதி. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு பல்கலைக்கழகங்கள் வாரக்கணக்கில் மூடிக் கிடந்தன. அப்படிப்பட்ட ஒரு வருசத்தில் ஒரு பீடம் பரீட்சையை ஒரு மாதம் தள்ளிவைத்தால், அந்த ஒரு மாதம் ஒரு பிள்ளையின் வாழ்க்கையில் ஐந்து வருசமாக விரிந்துவிடும். அதற்கு அந்தப் பிள்ளை செய்த குற்றம் எதுவும் இல்லை.

மூன்றாவது பாடம்தான் கொடூரம். 2020இல் விண்ணப்பித்தவர்களில் யாருடைய பெயரில் ஊழியர் சேமலாப நிதிக் (ஈ.பி.எஃப்.) கணக்கு இருந்ததோ அவர்கள் "வேலையில் உள்ளவர்கள்" என்று கழிக்கப்பட்டார்கள். கம்பியூட்டரில் பெயரைத் தட்டினால் ஈ.பி.எஃப். இலக்கம் வந்துவிடும். எங்கோ கொழும்பில் ஒரு கடையில் ஆறு மாதம் கணக்கெழுதியவர், ஒரு காப்புறுதிக் கம்பனியில் கொஞ்ச நாள் அலைந்தவர், தனியார் பாடசாலையில் சொற்பச் சம்பளத்துக்குப் படிப்பித்தவர் எல்லோரும் அந்தச் சல்லடையில் சிக்கினார்கள். மேன்முறையீடு, மறியல், கடிதப் போக்குவரத்து எல்லாம் நடந்து சிலருக்குப் பிறகு வழி பிறந்தது. ஆனால் செய்தி ஊரெங்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. சும்மா இருந்தவனுக்குக் கடிதம் வந்தது. உழைத்தவனுக்கு வரவில்லை.

இதைக் கண்ணால் கண்ட தம்பியிடம் போய், "ஒரு தனியார் வேலையைப் பாரு, அனுபவம் கிடைக்கும்" என்று எந்த வாயால் சொல்வது? சொன்னாலும் அவன் கேட்க மாட்டான், கேட்காதது சரியும்கூட. அதனால்தான் இங்கே பட்டதாரிகள் செய்யும் வேலைகளெல்லாம் கணக்கில் வராத வேலைகளாக இருக்கின்றன. டியூஷன் வகுப்பு. மாமாவின் கடையில் பின்னேரம் நிற்பது. வயலில் அறுவடைக் காலம். பாடசாலையில் "தொண்டர் ஆசிரியர்" என்ற பெயரில், ஒரு நாள் நிரந்தரமாக்குவார்கள் என்ற நம்பிக்கையில், வருசக்கணக்கில் கையெழுத்துப் போட்டுப் படிப்பிப்பது. கையில் காசு வரும் அல்லது வராது. பெயரில் இலக்கம் மட்டும் விழக் கூடாது.

இதெல்லாம் புதிய நோயும் அல்ல. 1971 கிளர்ச்சிக்குப் பிறகு, படித்த இளைஞருக்கு ஏன் வேலையில்லை என்று ஆராய சர்வதேச தொழில் அமைப்பு டட்லி சீயர்ஸ் தலைமையில் ஒரு குழுவை இலங்கைக்கு அனுப்பியது. படிப்பு உண்டாக்கும் எதிர்பார்ப்பும் நாட்டில் இருக்கும் வேலையும் பொருந்தவில்லை என்பது அந்த அறிக்கையின் மையம். அரை நூற்றாண்டாக அதையே எல்லா அரசாங்கமும் மேற்கோள் காட்டுகிறது. எதிர்பார்ப்பு மேலிருந்து வளர்க்கப்படுகிறது என்பதைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை.

கடிதம் வந்த பிறகு

2020 அலையில் வந்தவர்களில் பெரும்பாலானோர் 2022 தொடக்கத்தில் நிரந்தரமானார்கள். பதவிப் பெயர் அபிவிருத்தி உத்தியோகத்தர், ஊர் வாயில் "டீ.ஓ." பிரதேச செயலகத்தில் ஒரு மேசைக்கு எத்தனை டீ.ஓ. என்ற பகிடி நாடு முழுக்க ஓடியது. பகிடி பண்ணுகிறவர்களுக்கு ஒன்று தெரிவதில்லை. வேலை என்னவென்று யாரும் வரையறுக்காமல் ஆளை அனுப்பினால், வந்தவர் என்ன செய்வார்? பாடசாலைகளுக்கு இணைக்கப்பட்டவர்களின் நிலை இன்னும் விசித்திரம். வகுப்பில் நின்று படிப்பிப்பார், விடைத்தாள் திருத்துவார், விளையாட்டுப் போட்டிக்குக் கொடி கட்டுவார். பதவியில் அவர் ஆசிரியர் அல்லர். ஆசிரியர் சேவைக்குள் எடுங்கள் என்று அவர்கள் நடத்தும் போராட்டம் தனிக் கதை.

அதே 2022இல் ரூபாய் விழுந்தது. டொலர் 200 ரூபாய் அளவிலிருந்து 360ஐத் தொட்டது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 70 வீதத்தை எட்டியது. இத்தனை வருசம் தவமிருந்து கிடைத்த சம்பளம் மாதத்தின் நடுவிலேயே தீர்ந்தது. ஜூன் மாதம் அரசாங்கமே ஒரு சுற்றறிக்கை விட்டது: அரச ஊழியர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமில்லா விடுமுறையில் வெளிநாடு போய் உழைக்கலாம், பணி மூப்பு பாதிக்கப்படாது. அந்த ஆண்டு மட்டும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து போனவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். ஆக, எந்த வேலைக்காகக் கத்தாருக்குப் போகாமல் ஊரில் காத்திருந்தார்களோ, அந்த வேலையைக் கையில் வைத்துக்கொண்டே கத்தாருக்கு விமானம் ஏறும் காலம் வந்தது. ஒன்றைச் சொல்லலாம்: அங்கே போன கலைப் பட்டதாரிக்குப் பட்டம் பெரிதாக உதவவில்லை. என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) நாலாம் மட்டத்தில் வெல்டிங் சான்றிதழ் வைத்திருந்த பக்கத்து வீட்டுத் தம்பிக்கு அதைவிடச் சீக்கிரம் விசா வந்தது.

அந்தப் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கதவு மூடியது. புதிய நியமனங்கள் கிட்டத்தட்ட நின்றன. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அத்தியாவசியப் பதவிகளுக்கு 30,000 பேரை எடுக்க 1,000 கோடி ரூபாய் ஒதுக்கியதாகச் சொன்னார்கள். 30,000 என்ற எண் காதில் விழுந்த அன்றே ஊரில் பழைய உரையாடல் தொடங்கிவிட்டது. எந்த பெட்ச் வரைக்குமாம்?

பெண்பிள்ளைகள்

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் படிப்பவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் பெண்கள். ஆனால் நாட்டின் வேலைப்படையில் இருப்பது மூன்று பெண்களில் ஒருவர் அளவுதான். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில்தான் குறிஞ்சாக்கேணியின் பெண் பட்டதாரிகள் இருக்கிறார்கள்.

ஆண்பிள்ளைக்குக் காத்திருப்பின் செலவு காசு. பெண்பிள்ளைக்கு அது வயது. கிழக்கு முஸ்லிம் வழக்கப்படி கலியாணத்துக்குப் பெண் பக்கம் வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். வாப்பா ஒரு பக்கம் அத்திவாரம் போட்டுக்கொண்டிருப்பார், மறுபக்கம் மகள் நியமனத்துக்குப் பார்த்திருப்பாள். "பிள்ளைக்கு டீச்சர் வேலை" என்றால் பேச்சு ஒரு மாதிரிப் போகும், "கெம்பஸ் முடிச்சிருக்கா" என்றால் வேறு மாதிரிப் போகும். இருபத்தெட்டு தாண்டினால் மாமிமார் இரண்டையும் கேட்பதை நிறுத்திவிடுவார்கள்.

பெண்கள் ஆசிரியர் வேலைக்கே ஆசைப்படுவதை, பழமை என்று தள்ளிவிடுவது எளிது. காலை ஏழரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு முடியும். வீட்டிலிருந்தே போய் வரலாம். மகப்பேற்று விடுமுறை உண்டு. சக ஊழியர்களில் பாதிக்கு மேல் பெண்கள். இவற்றில் ஒன்றையாவது தரும் தனியார் வேலை இந்தக் கரையில் எங்கே இருக்கிறது? துறைமுகத்தைச் சுற்றி பிறீமா மா ஆலை உண்டு, டோக்கியோ சீமெந்து உண்டு, எண்ணெய்த் தாங்கிகள் உண்டு, நிலாவெளியில் ஹோட்டல்கள் உண்டு. அங்கே தேடுவது இயந்திரம் தெரிந்தவரை, ஆங்கிலம் பேசுபவரை, இரவு ஷிஃப்ட் நிற்பவரை. எண்ணெய்த் தாங்கிப் பண்ணையின் 61 தாங்கிகளுக்கு 2022 ஜனவரியில் இந்தியக் கம்பனியோடு கூட்டு ஒப்பந்தம் போட்டார்கள். சம்பூரில் சூரிய மின் நிலையத்துக்கு 2025 ஏப்ரலில் தொடக்க விழா நடந்தது. குடாவின் இந்தக் கரையில் இஸ்லாமிய நாகரிகத்தில் பட்டம் வாங்கிய பெண்ணுக்கு அவற்றில் எந்தக் கதவு திறக்கும் என்பது எந்த விழாவிலும் பேசப்படவில்லை.

வேறு வழியே இல்லையா என்றால், உண்டு. இலங்கை நிருவாக சேவைத் திறந்த போட்டிப் பரீட்சை ஒன்று. ஆனால் வயதெல்லை 28. இருபத்தாறில் வெளியே வரும் பிள்ளைக்கு அது ஒரு தடவை, கூடினால் இரண்டு தடவை. அதற்கும் கொழும்பில் ஓடும் வகுப்புகள், ஆங்கிலப் புத்தகங்கள் வேண்டும். தமிழ்நாட்டில் 2024இல் டிஎன்பிஎஸ்சி குரூப் 4க்கு அறிவித்த 6,244 இடங்களுக்குச் சுமார் 20 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள் என்பதைப் படித்தபோது, நம்மைவிட மோசமாக இருக்கிறதே என்றுதான் முதலில் பட்டது. கொஞ்சம் யோசித்தால் ஒரு வித்தியாசம் தெரிகிறது. அங்கே தோற்றவருக்கு மதிப்பெண் கையில் இருக்கிறது, அடுத்த பரீட்சைக்குப் படிக்கலாம், நூலகத்தில் இடம் பிடிக்கலாம், இடையில் ஒரு கடையில் வேலை செய்தால் அதற்காக யாரும் பெயரை வெட்ட மாட்டார்கள். இங்கே பயிலுனர் திட்டத்துக்குப் படிக்க ஒன்றும் இல்லை. பட்டமும் தேதியும் வேலையில்லாமையும் இருந்தால் போதும். ஒரு மனுசனின் இருபதுகளின் பிற்பாதியை வீணடிக்க இதைவிடத் திறமான ஏற்பாடு கிடையாது.

ஆண்டுக்கு ஆயிரமோ இரண்டாயிரமோ, தொகை எவ்வளவு சிறிதாக இருந்தாலும், குறித்த மாதத்தில், பரீட்சை வைத்து, வெற்றிடம் எங்கே என்று முன்கூட்டியே சொல்லி எடுத்தால் பாதிப் பேர் முதல் வருசத்திலேயே வேறு வழி பார்த்துப் போய்விடுவார்கள். போகவும் வேண்டும். வரும் வரும் என்று இழுப்பதுதான் அவர்களைக் கட்டிப் போடுகிறது. ஆசிரியர் நியமனம் பெருமளவுக்கு மாகாணத்தின் கையில் இருக்கிறது. கிழக்கு மாகாண சபை 2017 செப்டெம்பர் 30ஆம் தேதி கலைந்தது. அதன் பிறகு தேர்தல் நடக்கவில்லை. ஆளுநரின் கீழ் மாகாணம் ஓடுகிறது. யாரிடம் போய்க் கேட்பது என்ற கேள்விக்கே விடை இல்லாத இடத்தில், ஒழுங்கான ஆட்சேர்ப்பைப் பற்றி யார் பேசுவார்கள்?

2024 நவம்பர் 25ஆம் தேதி ஏ.எல். பரீட்சை தொடங்கியது. இரண்டு நாளில் மழை வெள்ளம் நாட்டை முடக்கி, பரீட்சையை நிறுத்தி, டிசம்பரில் மறுபடி தொடங்கினார்கள். அந்த பெட்ச்சில் கலைப் பிரிவில் எழுதி, திருமலை மாவட்ட வெட்டுப்புள்ளியில் தேறிய பிள்ளைகள் பட்டத்தோடு வெளியே வரும்போது 2029 அல்லது 2030 ஆகியிருக்கும். அடுத்த ஜனாதிபதித் தேர்தல் வரவேண்டியதும் 2029இல்தான். இப்போதைய பாராளுமன்றத்தின் ஐந்து வருசம் முடிவதும் அதே ஆண்டு. மகன் எந்த வருசம் கெம்பஸ் முடிப்பான், கடிதம் எந்த மாதம் வரும் என்று குறிஞ்சாக்கேணியில் சில வாப்பாமார் இப்போதே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். அவர்கள் கணக்கில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.